தாயக்கட்டையும் கடவுச்சொல்லும்

நம் ஊரில் யார் வீட்டுக்காவது விருந்தாளியாகப் போய், காப்பி குடித்து முடித்த பிறகு, வைஃபைக்குக் கடவுச்சொல் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரின் கைபேசி எண்தான் பதிலாக வரும். அவர் தேர்ந்தெடுத்தது அல்ல அது. இணைப்புக் கொடுக்க வரும் இளைஞர்கள் வைத்துவிட்டுப் போவது. வாடிக்கையாளர் தன் எண்ணை மறக்க மாட்டார், மறந்துவிட்டு இரவு பதினோரு மணிக்குத் தங்களை அழைக்க மாட்டார் என்கிற நடைமுறை ஞானம் அதன் பின்னால் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர்கள் மறையாக்கவியல் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது.

திருச்சியில் எங்கள் வீட்டில் சென்ற மாதம் பழைய செம்புக்கம்பி இணைப்பைக் கைவிட்டு ஒளியிழைக்கு மாறினோம். வந்த இளைஞர் இருபது நிமிடங்களில் வேலையை முடித்தார். "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே போட்டுட்டேன் சார். எல்லா டிவைசும் தானா ஒட்டிக்கும்" என்றார். சொன்னபடியே ஒட்டிக்கொண்டன. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது (திசைவி என்று எழுத ஆசைதான், ஆனால் கடையில் போய்த் திசைவி கேட்டால் பூஜை சாமான் கடைக்கு வழி காட்டுவார்கள்) இணைந்திருந்த கருவிகளின் பட்டியல் வந்தது. என் கைபேசி, மனைவியின் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, அம்மாவின் பலகைக்கணினி. ஆறாவதாக இன்னொரு கைபேசி. அது எங்களுடையது அல்ல.

அந்த ஆறாவது கருவியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அன்று மாலை பூட்டை மாற்றுவது என்று உட்கார்ந்தவனுக்கு ஏனோ பெரிய மாமாவின் ஞாபகம் வந்துவிட்டது.

மாமா தெற்கு ரயில்வேயின் சென்னைத் தலைமையகத்தில் கணிப்பொறிப் பிரிவில் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் கோடை விடுமுறைக்குச் சென்னை போகும்போது ஒருமுறை என்னை அங்கே அழைத்துப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடிந்தது. ஐ.பி.எம். 1401 என்று பெயர். 1959இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய இயந்திரம், அறுபதுகளில் இந்திய ரயில்வேயின் மண்டல அலுவலகங்களுக்கு வந்தது. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அதில் ஓடின. அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். இன்று குடும்பக் குழுவில் காலை வணக்கம் சொல்லி வருகிற ரோஜாப்பூப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஆனால் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் சம்பளம் அடங்கியது. எங்கள் ஊர்ப் பொன்மலைப் பணிமனைக்காரர்கள் ஒன்றாம் தேதி வாங்கிய கூலியின் பின்னால் இப்படிப்பட்ட ஓர் இயந்திரம் இருந்தது என்பதே அன்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. மாமாவின் பேச்சில் அந்த வருடம் ஏதோ குடும்பத் துக்கம் போலத்தான் இடம்பெறும். உதிரி பாகத்துக்கு என்ன செய்வோம் என்ற கவலை. எப்படியோ செய்தார்கள், இயந்திரங்கள் எண்பதுகளிலும் ஓடின.

அவர் வீட்டுக்குக் கொண்டுவருகிற பயன்படுத்திய துளையட்டைகள் எங்கள் குடும்பத்தில் பத்தாண்டுகளுக்குப் புழங்கின. எண்பது பத்திகள், பன்னிரண்டு வரிசைகள், ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்ட கெட்டி அட்டை. அம்மா அதில் பால் கணக்கு எழுதுவார். அத்தை புள்ளிக்கோலம் பழகுவார். நாங்கள் துளைகள் வழியாகச் சூரியனைப் பார்த்துத் திட்டு வாங்குவோம். மாமா சொன்ன ஒரு விஷயம் இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயிரம் அட்டைகள் கொண்ட ஒரு கட்டைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டால் நிரல் தலைகீழாகிவிடும். அதனால் கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் குறுக்காக ஒரு சாய்கோடு இழுத்துவைப்பார்களாம். சிதறினால் அந்தக் கோடு மறுபடி நேராகும்வரை அடுக்கினால் போதும். அவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்துக்கு ஒரு துண்டுப் பென்சில் காவல்.

இன்னொன்று. துளையிட்ட அட்டையை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். வேறொருவர் சரிபார்ப்பு இயந்திரத்தில் அதே தகவலை இரண்டாம் முறை தட்டச்சு செய்வார். இரண்டும் பொருந்தினால்தான் அட்டை தேறும். இன்று ரௌட்டர் புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டாமவர் வேலையையும் நானே செய்கிறேன் என்று தோன்றும். பாதுகாப்பு என்று மாமாவிடம் கேட்டிருந்தால் வாசலில் நின்ற காவலரையும் கையெழுத்துப் பதிவேட்டையும் காட்டியிருப்பார். கதவைப் பூட்டினால் கணிப்பொறி பூட்டப்பட்டது. அவ்வளவுதான்.

என் தலைமுறைக்கும் கணிப்பொறி முதலில் ஒரு பூட்டிய அறையாகத்தான் வந்தது. 1984-85இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ இயந்திரங்களை நாடெங்கும் சில நூறு பள்ளிகளுக்குக் கொடுத்தது. நான் படித்த பள்ளிக்கும் வந்தது. 32 கிலோபைட் நினைவகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தூசி என்பார்கள், ஆனால் உள்ளே நுழைகிறபோது எங்கள் முகத்தில் இருந்த பாவம் தூசி தொடர்பானது அல்ல. மூன்று பேருக்கு ஒரு விசைப்பலகை, வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதில் பாதி நேரம் ஒலிநாடாவிலிருந்து நிரல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கழியும். நிரலைச் சேமிக்கச் சாதாரண ஒலிநாடாதான். அந்த நாடாவைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டால் கொதிக்கிற எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். பத்து வருடம் கழித்து மோடத்தின் குரலைக் கேட்டபோது பழைய உறவினரைப் பார்த்ததுபோல இருந்ததற்கு அதுதான் காரணம்.

அப்போதெல்லாம் கணினி பற்றித் தமிழில் படிக்க சுஜாதாவை விட்டால் அதிகம் பேர் கிடையாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்கு இயந்திரத்தில் வேலை பார்த்த மனிதர் அதைப் பற்றி நம் மொழியில் சிரிக்கச் சிரிக்க எழுதினார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது.

தொண்ணூறுகளில் நச்சுநிரல் என்ற சொல் வந்து சேர்ந்தது. 1992 மார்ச் 6ஆம் தேதி மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸ் வன்தட்டுகளை அழித்துவிடும் என்று உலகமெங்கும் ஒரே பீதி. நான் பயின்ற நிலையத்தில் அதற்குக் கண்ட பரிகாரம் அழகானது. ஐந்தாம் தேதி மாலையே எல்லா இயந்திரங்களிலும் தேதியை ஏழாம் தேதிக்கு மாற்றிவிட்டார்கள். அஷ்டமி நவமியைத் தவிர்க்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமில்லை. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த வைரசுக்கு அது உண்மையிலேயே வேலை செய்கிற தற்காப்புதான். ஆறாம் தேதியில் இயந்திரத்தை இயக்கினால் மட்டுமே அது விழித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அன்றைக்கு ஆபத்து ஒரு நெகிழ்வட்டில் ஏறி, ஒருவர் சட்டைப்பையில் உட்கார்ந்து, பேருந்தில்தான் வரவேண்டும். வருகிறவரின் முகம் நமக்குத் தெரியும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. திருச்சிக்காரர்களான எங்களுக்கு அது உலாவல் மையங்கள் வழியாகத்தான் வாய்த்தது. தட்டி வைத்து மறைத்த சிறு அறைகள், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டுக்கு மோடம் வந்தபோது தொலைபேசி ஒன்று, இணையம் ஒன்று என்று இரண்டில் ஒன்றுதான் இருக்க முடிந்தது. அக்காவின் பிரசவ நேரத்தில் நான் தமிழ் எழுத்துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்று அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார். மல்லுக்கட்டு உண்மைதான். தமிழ் இணைய மாநாடு 1999இல் சென்னையில் நடந்து தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது, ஆனாலும் டாம், டாப், தகுதரம் என்று குறியாக்கங்கள் ஆளுக்கொன்று. ஒருவர் கவிதை அனுப்பினால் மற்றவருக்கு அது கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் போய்ச் சேரும். விரும்பாமலே நாங்கள் எல்லோரும் மறையாக்கம் செய்துகொண்டிருந்த காலம் அது. சில கவிதைகளுக்கு அதுவே நல்ல கதியாகவும் இருந்தது.

அதுவரைக்கும் இணையம் கம்பியில் வந்தது. கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்துவிடலாம். கம்பி போனதும்தான் சிக்கல் தொடங்கியது.

காற்றுவழித் தகவல் புதியதல்ல. ஜகதீஷ் சந்திர போஸ் 1895இலேயே கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கணினிகளைக் காற்றுவழி இணைத்தது 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட். தீவுகளுக்கிடையே கம்பி இழுப்பதைவிட வானொலி சுலபம் என்று நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவும் கண்டார்கள். நம் பக்கத்திலும், சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பம் 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு, நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில், ஆகாய வழியாக இணையம் கொண்டுபோயிற்று. ஆனால் வீட்டுக்குள் நாம் வைஃபை என்று அழைப்பது 1997இல் வந்த 802.11 என்ற தரநிலையின் பிள்ளை. வைஃபை என்ற பெயர் 1999இல் ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் சூட்டியது. அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது, விரிவாக்கம் சொல்கிறவர்கள் பின்னால் சேர்த்துக்கொண்டதைச் சொல்கிறார்கள். இந்தியாவில் இது ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று ஆனது 2005இல்தான். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. மனைவி சாம்பாரைச் சூடு செய்யும்போது படம் நின்று நின்று ஓடினால் சாம்பாரைக் கோபிக்கவேண்டாம்.

அலைக்கு மதில்சுவர் தெரியாது. நம் வீட்டுக் கூடத்தில் பேசுவது பக்கத்து வீட்டு மாடியிலும் கேட்கும். இதை முதல் நாளிலேயே அறிந்திருந்ததால்தான் 1997 தரநிலையில் டபிள்யூ.ஈ.பி. என்றொரு பூட்டையும் வைத்தார்கள். அந்தச் சுருக்கத்தின் பொருள், கம்பிக்கு நிகரான அந்தரங்கம். பெயரில் இருந்த நம்பிக்கை பூட்டில் இல்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மறையாக்கம் மாறவேண்டும் என்பதற்காக 24 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அதற்கு இருக்கக்கூடிய மதிப்புகள் மொத்தம் 1,67,77,216. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் போக்குவரத்து மிகுந்த ஒரு வலையில் சில மணி நேரத்தில் அது தீர்ந்து, பழைய எண்ணே மறுபடி வரத் தொடங்கிவிடும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அது பயன்படுத்திய ஆர்.சி.4 முறையில் சாவி கசிகிற இடத்தைக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்தார்கள். 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் அதன் இரண்டாம் பதிப்பு, அதிலும் 2017இல் மேத்தி வான்ஹூஃப் ஒரு விரிசல் கண்டார். 2018இல் மூன்றாம் பதிப்பு. பூட்டும் சாவியும் இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன.

இரண்டாம் பதிப்பு இன்றைக்கும் நல்ல பூட்டுதான், கடவுச்சொல் நல்லதாக இருந்தால். ஒரு கைபேசி இணையும்போது அதற்கும் ரௌட்டருக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளப்படுகின்றன. தெருவில் நிற்கிற ஒருவர் அவற்றைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு சாவகாசமாக, நம் ரௌட்டருக்குத் தெரியாமலே, ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்க்கலாம். விளையாட்டுக்கென்று வாங்குகிற நல்ல வரைகலை அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். நம் கைபேசி எண்கள் பத்து இலக்கம், முதல் இலக்கம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள். ஆகவே சாத்தியங்கள் 400 கோடி. வகுத்துப் பாருங்கள், 4,000 நொடிகள். ஒரு மணி நேரமும் ஏழு நிமிடமும். நம் எண் அடுக்ககச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதென்றால் அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம்.

யார் வந்து நம் வீட்டு வலையை உடைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக ஊடக நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று. அதன் இணைய முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த அடுக்ககத்தில் போய் நின்றது. அவருடைய கம்பியில்லா இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அந்த மனிதர் எதுவும் செய்யவில்லை என்று தெரிவதற்குள் விசாரணை, கணினிகள் பறிமுதல், செய்தித்தாளில் பெயர். அதே செப்டம்பரில் டெல்லிக் குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை இப்படியே பயன்பட்டது. வெளியுலகத்துக்கு நம் வீட்டின் முகவரி ஒன்றுதான். உள்ளே இருந்து அதை யார் பயன்படுத்தினார்கள் என்பதை விளக்கவேண்டிய சுமை நம்முடையது.

ஆகவே உட்கார்ந்தேன். முதலில் ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். வைஃபை சாவி வேறு, இது வேறு. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அடைத்தேன். அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். பொத்தானை அழுத்தினால் இணைகிற டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்தினேன். எட்டு இலக்க எண்ணைக் கேட்கிற அந்த வசதி, அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கும், கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு இலக்கம். எனவே 11,000 முயற்சிகளில் தீர்ந்துபோகும் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள். எட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. வலையின் பெயரை மறைத்துவைக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பயனில்லை, இணைகிற கருவிகளே பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பதிவான கருவிகளை மட்டும் அனுமதிப்பதும் அப்படித்தான், அந்த அடையாள எண்கள் காற்றில் திறந்தே போகின்றன. மூன்றாம் பதிப்பை மட்டும் வைக்கலாம் என்றால் எங்கள் தொலைக்காட்சி மறுத்துவிட்டது. இரண்டும் மூன்றும் கலந்து வைத்தேன். ரௌட்டரை வீட்டின் நடுவில், ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் தெருவுக்குக் கசிவது குறையும் என்பதால் கூடத்து அலமாரிக்கு மேலே ஏற்றினேன்.

கடவுச்சொல் மிச்சம். மனிதன் தானாக யோசித்து வைக்கிற சொல் எதுவும் நல்ல கடவுச்சொல் அல்ல. குலதெய்வம், பிள்ளை பெயர், பிறந்த வருடம் என்று நாம் ஓடுகிற தடங்கள் எல்லாருக்கும் தெரியும். பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் ஒரு முறையை வகுத்தார். ஆறு முகப் பகடை, 7,776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியல். எங்கள் வீட்டில் பகடை இல்லை. தாயக்கட்டை இருந்தது. அம்மாவின் சீதனம், பித்தளை, நான்கு முகம்.

கணக்குப் போட்டேன். ஒரு கட்டையை நான்கு முறை உருட்டினால் 256 விதங்கள். அது கையடக்கத் தமிழ் அகராதியின் பக்க எண். இன்னும் இரண்டு முறை உருட்டினால் 16 விதங்கள். அது அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. ஆக, ஆறு உருட்டுக்கு ஒரு சொல், 4,096இல் ஒன்று. இப்படி ஐந்து சொற்கள். நொடிக்குப் பத்து லட்சம் ஊகிக்கிற இயந்திரம் அத்தனையையும் முயன்று முடிக்க முப்பத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அம்மாவைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கட்டையை உருட்டும் தகுதி இருக்கிறது? எழுபத்தெட்டு வயதில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் சொல்லே இழவு என்று வந்தது. "வீட்டு வாசல்ல மாட்டற பூட்டுக்கு இந்தச் சொல்லாடா? மறுபடி உருட்டறேன்" என்றார். தேர்வில் கைவைத்தால் தற்செயல் கெடும் என்று விளக்கப் பார்த்தேன். நாலாயிரத்தில் ஒன்றைத் தள்ளினால் பெரிய நஷ்டமில்லை என்பதால் விட்டுக்கொடுத்தேன். அதன்பின் வந்த ஐந்தும் மங்களகரமானவை என்பதற்கு மேல் இங்கே எழுத இயலாது.

உருட்டி முடித்ததும் ஆறாவது கருவியைப் பற்றிக் கேட்டேன். இனி அது இணையாது, யாருடையது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அம்மா கட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "யாருதுன்னு எனக்குத் தெரியும். இஸ்திரிக்காரம்மா பொண்ணோடது. நாந்தான் நம்பர் சொன்னேன்" என்றார்.

எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஜூனுக்குப் பிறகு பாடங்கள் கைபேசியில் வரத் தொடங்கின. துணி உருப்படிகள் இல்லாமல் வண்டியே நின்றுபோயிருந்த மாதங்களில் டேட்டாவுக்குக் காசு எங்கே? அம்மா ஜன்னல் வழியாகப் பத்து இலக்கங்களைச் சொல்லிவிட்டார். அவள் மரத்தடியில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு முழுக்கப் படித்திருக்கிறாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள். இத்தனை வருடங்களும் எங்கள் வலையில் அவள் இருந்திருக்கிறாள்.

"தண்ணி குடுத்தா சொம்பைத் திருப்பி வாங்கறோம். குடிக்கவே கூடாதுன்னு சொல்லுவோமா?" என்றார் அம்மா. என் மனைவி அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா. அவ போனை வேற யாராவது வாங்கி, எதையாவது அனுப்பிட்டா? போலீஸ் இவரைத்தானே கேக்கும்?" நவி மும்பைக் கதையைச் சற்று முன்னால் அவளிடம் சொன்னவன் நான்தான்.

இருவர் சொல்வதும் சரி என்பதுதான் தொந்தரவு. ரௌட்டர்களில் விருந்தினர் வலை என்று ஒன்று உண்டு. தனிப் பெயர், தனிச் சாவி. அதில் இணைகிறவர்கள் இணையத்துக்குப் போகலாம், வீட்டுக் கணினிகளைத் தொட முடியாது. திண்ணை மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னேன், உடனே புரிந்தது. ஆனால் மனைவியின் கேள்விக்கு அது பதில் அல்ல. திண்ணையில் உட்கார்ந்து எழுதின கடிதத்துக்கும் வீட்டு முகவரிதான். வெளியே போகும்போது விருந்தினரும் நாங்களும் ஒரே முகவரியில்தான் போவோம். தொழில்நுட்பம் அதுவரைக்கும்தான் வரும். மிச்சத்துக்கு மனிதரை நம்பவேண்டும், அல்லது நம்பாமல் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு தேர்வு அந்த அமைப்புப் பக்கத்தில் எங்கும் இல்லை.

மறுநாள் மாலை அவளை வரச்சொல்லி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். சாவி உனக்கு மட்டும், சிநேகிதிகளுக்குக் கொடுப்பதானால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், காரணம் இன்னது என்று 2008ஐயும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தயங்கி ஒரு கேள்வி கேட்டாள். "சார், நான் என்ன பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கேட்பது நியாயம். அவள் எங்களுக்குச் செய்யக்கூடிய தீங்கைப் பற்றி ஒரு இரவு முழுக்கப் பேசியிருந்தோம். எங்களால் அவளுக்கு நேரக்கூடியதைப் பற்றி அவள்தான் பேசவேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்னேன். ரௌட்டர் வைத்திருப்பவர் நினைத்தால் எந்தத் தளத்துக்குப் போனாய் என்று பார்க்கலாம். உள்ளே என்ன படித்தாய், யாருக்கு என்ன எழுதினாய் என்பது தெரியாது, அது மறையாக்கப்பட்டுப் போகிறது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பதிவேடு இருக்கும் இடத்தைக் காட்டினேன். அதை அவள் எதிரிலேயே நிறுத்தினேன். நான் மறுபடி போட்டுக்கொண்டால் அவளுக்குத் தெரியவராது என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்றாள். அவளும் ஏதோ ஒரு கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

விருந்தினர் வலைக்கு அம்மா தனியாக ஐந்து சொற்கள் உருட்டினார். கடவுச்சொல்லில் எட்டு முதல் 63 எழுத்துகள், அதுவும் ரோமன் எழுத்துகள், எண்கள், குறிகளாக மட்டுமே இருக்கலாம் என்பது தரநிலை. தமிழ்ச் சொல்லை ரோமனில் எழுதுவதில் ஆளுக்கொரு வழக்கம். மூன்றாவது சொல்லில் ழகரம் இருந்தது. அவள் கல்லூரியில் எழுதுகிறபடி எழுதினாள், இணையவில்லை. நான் அதற்கு இரண்டு எழுத்து போட்டிருந்தேன். "இதுக்கு யார் சார் இப்பல்லாம் ரெண்டு எழுத்து போடறாங்க?" என்றாள். அம்மா சிரித்தார். ஏழு மணிக்கு அவளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு இருந்தது, இறங்கி மரத்தடிக்குப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் அம்மா ஜன்னலிலிருந்து திரும்பி, "அங்க சிக்னல் வரலியாம். பழைய பெட்டி இங்கதானே இருந்தது?" என்றார். தெருவுக்குக் கசியக்கூடாது என்று அலமாரிக்கு மேல் ஏற்றிவைத்ததை விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். நீளமான கம்பி ஒன்று பரணில் கிடந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு, சுத்தியலோடு ஸ்டூலில் ஏறி, ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கு ஆணி அடித்தேன்.